மூன்றாவது கியர்

...மூன்றில்தான் கிடக்கிறது, சந்தேகமே வேண்டாம், நானேதான் போட்டேன், வண்டியைக் கோபுர வாசலுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இன்ஜினை அணைத்துவிட்டு, கிளட்சை மிதித்து கியர் ராடை நேராக மேலே தள்ளினேன், முதல் கியருக்கு என்றால் இடப்பக்கம் இழுத்துத் தள்ள வேண்டும், நான் இழுக்கவில்லை, நேரே தள்ளினேன், டக்கென்று போய் உட்கார்ந்தது. எவ்வளவு சுகமாக உட்கார்ந்தது! இனி அதைத் தொடப்போகிறவன் விஜய்சங்கர் அத்தான், என் அப்பாவின் கூடப்பிறந்த முத்துமீனாள் அத்தைக்கு ஒரே பிள்ளை, பதினாலு வருஷத்துக்கு முந்தி எனக்கு நிச்சயம் பண்ணின மாப்பிள்ளை, இன்றைக்கு அகிலாண்டேஸ்வரியின் புருஷன், இந்தப் புது வண்டிக்குச் சொந்தக்காரன். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது ராகு காலம், ஒன்பது அடித்தால்தான் பட்டர் பூஜையைத் தொடங்குவார், இன்னும் இருபது நிமிஷம் கிடக்கிறது, கிடக்கட்டுமே, பதினாலு வருஷம் காத்துக் கிடந்தவளுக்கு இருபது நிமிஷம் ஒரு பெரிய விஷயமா? சாவி என் உள்ளங்கையில் வியர்த்துக்கொண்டிருக்கிறது. வண்டியைச் சுற்றிச் சுற்றி வருகிற அத்தையைப் பார்த்துச் சிரித்துவைத்தேன். அத்தையும் சிரித்தாள்.

வண்டி என்னவோ அழகுதான், வண்டி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, கருநீலம், தரையோடு தரையாகத் தாழ்ந்த உடம்பு, பின்னால் இரட்டைப் புகைக்குழாய், இருக்கையில் சிவப்பு நூல் தையல், ஆறு கியர். மூன்று நாளைக்கு முன்னால் அத்தை போன் பண்ணினாள், பதினாலு வருஷத்தில் எனக்கு வந்த முதல் போன், "ஏட்டி நிர்மலா, விஜிக்கு லீவு இல்லட்டி, திங்கக்கெழம காலைலதான் பொதிகை ரயில்ல வந்து எறங்குதான், நீதான் ஊருக்கே வண்டி ஓட்டச் சொல்லிக் குடுக்கியாமே, திருநெல்வேலில போயி எடுத்துட்டு வந்துரு," நேற்றுத்தான் பேசிவிட்டுப் போனவள் மாதிரி, ஒன்றுமே நடக்காத மாதிரி... சரி அத்தை என்றேன், உடனே சொன்னேன், ஒரு மூச்சு கூட யோசிக்கவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தாள், ஒனக்கு வெக்கமே இல்லையாட்டி என்று கேட்டாள், இல்லம்மா என்றேன். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, வண்டி மேனுவல் என்று அத்தை சொன்ன அந்த நொடியிலேயே, கியர் ராடை எங்கே தள்ளி வைக்கப்போகிறேன் என்று என் கைக்குத் தெரிந்துவிட்டது.

அன்றைக்கும் இதே இடம், இதே வாசல், பூக்கடைக்காரர்கள் இதே மாதிரி வாளித் தண்ணீரை வாசலில் தெளித்துக்கொண்டிருந்தார்கள், கோயிலில் கொடுத்த புற்றுமண் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு யாரோ குடும்பத்தோடு தேர் நிலைப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். கார்த்திகையில் நிச்சயம், வைகாசியில் கல்யாணம், நடுவில் தை மாதம் அத்தான் வீட்டில் ஒரு சிவப்புக் கார் வாங்கினார்கள், அந்தத் தெருவுக்கே முதல் கார். எனக்கு இருபத்திரண்டு வயசு, பாவாடை தாவணியை விட்டுச் சேலைக்கு வந்த புதுசு, ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அத்தான் உள்ளே உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார், ஸ்டீயரிங்கைத் தடவினார், பிறகு என்ன நினைத்தாரோ சட்டென்று கீழே இறங்கினார், "வீட்டுக்கு வரப்போற மகாலட்சுமி கையால ஏறட்டும், நிர்மலா, நீ வந்து உக்காரு" என்றார், எல்லாரும் கை தட்டினார்கள், அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் அப்பா பிறந்தே வந்தாற்போல இருந்தது. எனக்கு சைக்கிளே பயந்து பயந்துதான் வரும் அத்தான் என்றேன். "ஒண்ணுமில்லட்டி, எல்லாம் போட்டு வச்சிருக்கேன், கிளட்ச்ச மிதி, சாவியத் திருகு, மெதுவா விடு, அது பாட்டுக்கு ஏறும்." எல்லாம் போட்டு வச்சிருக்கேன். இதே வார்த்தை. நாலு சக்கரத்துக்கு முன்னாலும் நாலு எலுமிச்சம்பழம், வண்டி ஒரு முழம் நகர்ந்தால் போதும், பழம் நசுங்கினால் திருஷ்டி கழிந்தது, அவ்வளவுதான் சடங்கு... நான் விட்டேன், வண்டி ஒரு உதறு உதறி அணைந்தது, எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாம் தடவை விட்டேன், அணைந்தது, யாரும் சிரிக்கவில்லை. மூன்றாம் தடவை பயத்தில் காலை அப்படியே எடுத்துவிட்டேன், வண்டி முன்னால் ஒரு எத்து எத்தியது, எதிரே கற்பூரத் தட்டோடு நின்ற பட்டர் பின்னால் துள்ளினார், தட்டு கீழே விழுந்தது, கற்பூரம் ஈரத்தில் உருண்டு அணைந்தது. ஒரு பழம்கூட நசுங்கவில்லை, ஒன்று மட்டும் உருண்டு போய்ச் சாக்கடையில் விழுந்தது, அது விழுகிறவரைக்கும் எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அத்தை சொன்னாள், சத்தமாகக்கூடச் சொல்லவில்லை, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சொன்னாள், "வீட்டுல கால் எடுத்து வைக்கதுக்கு முன்னாலயே கற்பூரத்த அணைச்சிட்டாளே." அவ்வளவுதான், மாசி முடிவதற்குள் ஜாதகத்தை மறுபடியும் பார்த்தோம் என்று ஆள் வந்தது, பங்குனியில் தாம்பாளம் திரும்பி வந்தது. அப்பா அதற்குப் பிறகு இந்த வாசல் வழியாகக் கோயிலுக்கு வந்ததே இல்லை, தெற்கு மாட வீதி சுற்றித்தான் வருவார், சாகிறவரைக்கும் அப்படித்தான் வந்தார். அத்தான் ஒரு வார்த்தை பேசினாரா? வண்டிதானே அணைந்தது, அவ என்னம்மா செய்வா என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை... பேசவில்லை. சென்னைக்கு ரயிலேறிப் போய்விட்டார். நான் என்னைத்தான் திட்டிக்கொண்டேன், என் காலைத்தான் திட்டினேன், இந்தக் கால் விளங்காத கால் என்று அஞ்சு வருஷம் நானே நம்பினேன், யோசித்தால் அதுதான் இப்போதும் ஆத்திரமாக வருகிறது, அத்தை சொன்னதை நான் நம்பினேன் பாருங்கள், அது.

பிறகு ஒரு நாள், இனி ஒளிந்து வாழ முடியாது என்று திருநெல்வேலியில் கார் ஓட்டப் படிக்கப் போனேன், நாலாவது நாள் வகுப்பு, கியர் ராடைப் பிடித்துக்கொண்டு இடது மேல் ஒன்று, இடது கீழ் இரண்டு, நடு மேல் மூன்று என்று சொல்லிக்கொண்டே வந்தவள் மூன்றில் நின்றுவிட்டேன். அந்தச் சிவப்புக் காரில் கியர் ராடின் தலையில் ஒரு ரோஜாப்பூவைச் சொருகியிருந்தார்கள், அந்த ரோஜாப்பூ நேரே போய்ப் பாட்டுப்பெட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தது, பயத்தில் நான் அந்தப் பூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒவ்வொரு இதழாக ஞாபகம் இருக்கிறது. நேரே. இடப்பக்கம் இல்லை, நேரே. மூன்று! நிற்கிற வண்டியை மூன்றில் போட்டுவிட்டு, சைக்கிள் ஓட்டப் பயப்படுகிறவளை உட்காரவைத்து, மெதுவா விடு என்றால் எப்படி ஏறும்? நாற்பது வருஷம் ஓட்டின டிரைவருக்கே உதறுமே. அப்படியென்றால் வேண்டுமென்றேதானே? பட்டணத்து உத்தியோகம் கிடைத்தபிறகு சங்கரன்கோவில் முறைப்பெண் கசந்துபோயிருப்பாள், வாயால் வேண்டாம் என்று சொல்லத் துப்பில்லை, ஒரு அபசகுனம் தேவைப்பட்டது, அதற்கு என் காலைக் கடன் வாங்கிக்கொண்டார்... அன்றைக்கு ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு அழுதேன், சொல்லிக்கொடுத்தவர் பயந்துபோய் இறங்கி நின்றார். அழுது முடித்தபோது எனக்குள் ஒன்று காய்ந்து கெட்டியாகிவிட்டிருந்தது.

அந்தக் கெட்டியை வைத்துத்தான் பெண்கள் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன், ஒன்பது வருஷமாயிற்று, நானூறு பேருக்கு மேல் சொல்லிக்கொடுத்துவிட்டேன், டீச்சர்மார், நர்ஸ், பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறவள், கடையநல்லூரிலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்த முபஷ்ஷிரா, அவள் மாப்பிள்ளை துபாயில் இருக்கிறார், மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆளில்லை என்று வந்து படித்தாள். அவள் இரண்டு வாரம் முதல் கியருக்குப் பதில் மூன்றைத்தான் போட்டாள், வண்டி உதறும், "அல்லாவே, ஒண்ணுதான போட்டேன்" என்று என்னைப் பார்ப்பாள், அவள் கைமேல் கை வைத்து இடப்பக்கம் இழுங்க, பிறகு மேல, இழுங்க, பிறகு மேல என்று நூறு தடவை சொன்னேன், கோபமே வராது எனக்கு, அந்த விஷயத்தில் மட்டும் வரவே வராது. என் ஸ்கூல் வண்டியில் என் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு, படிக்கிறவள் தடுமாறினால் என் கால் தானாக மிதித்துவிடும், பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால்கூட டிரைவர் பிரேக் போடும்போது என் கால் தரையை மிதிக்கிறது, அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது.

நேற்று இந்த வண்டியை ஓட்டிவந்ததை நினைத்தால் இப்போதும் கை ஊறுகிறது, பொய் சொல்வானேன். மானூர் தாண்டுகிறவரைக்கும் பொறுமையாக வந்தேன், தேவர்குளம் பக்கம் ரோடு நீண்டு கிடந்தது, ரெண்டு பக்கமும் காற்றாலைகள், இரண்டிலிருந்து மூன்றுக்குத் தள்ளி மிதித்தேன், அம்மாடி, முதுகை இருக்கையோடு சேர்த்து ஒரு அழுத்து, வண்டி கத்தவில்லை, உறுமியது, நாற்பதிலிருந்து தொண்ணூறு வரைக்கும் ஒரே மூச்சு, மூன்றாவது கியர் கெட்ட கியர் இல்லை, ஓடுகிற வண்டிக்கு அதுதான் உயிர், நிற்கிற வண்டிக்குத்தான் அது ஆகாது. இந்த மாதிரி வண்டிக்கு மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்று கேட்டால் நான் சண்டைக்குப் போகமாட்டேன், முட்டுவலிக்காரர்களுக்கு, சென்னை மாதிரி பத்தடிக்கு ஒரு தரம் நிற்கிற ஊரில் இருக்கிறவர்களுக்கு ஆட்டோமேட்டிக்தான் நல்லது, நம் கையைவிட அது வேகமாகவே மாற்றுகிறது, அதில் என்ன கௌரவக் குறைச்சல் இருக்கிறது? ஆனால் மேனுவலில் வண்டி உன்னைக் கேட்டுத்தான் எதையும் செய்யும், இந்த வளைவுக்கு என்ன கியர் என்று நீதான் முந்தியே முடிவு பண்ண வேண்டும், தப்பென்றால் உன் தப்பு, யார் தலையிலும் போட முடியாது. எனக்கு அது பிடித்திருக்கிறது. பனவடலிசத்திரம் வளைவில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, இந்த வண்டியைப் போய் அந்த ஆளிடம் கொடுக்கப்போகிறோமே என்று.

அந்த ஆள் அதோ நிற்கிறார், கறுப்புக் கண்ணாடி, தொப்பை விழுந்துவிட்டது, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் சிநேகிதர்களுக்கு வண்டியைக் காட்டிக்கொண்டிருக்கிறார், "மச்சி, ஸ்போர்ட்டி வண்டின்னா மேனுவல்தான்டா, ஆட்டோமேட்டிக் எல்லாம் சும்மா லேடீஸ் வண்டி, தயிர்சாதம், இது பாரு, ஆறு கியர், நாமதான் ராஜா..." எனக்குத் தெரியாதா? பத்து வருஷமாகச் சென்னையில் அவர் ஓட்டுவது அந்தத் தயிர்சாதத்தைத்தான், அத்தையே பெருமையாகச் சொன்னாள், எம்பிள்ள காலையே ஆட்டாம வண்டி ஓட்டுதாம்ட்டி என்று. பத்து வருஷம் இடது கால் சும்மா கிடந்த மனுஷன். என்ன நடக்கும் என்று எனக்கு நிமிஷ நிமிஷமாகத் தெரியும்... ஏறி உட்காருவார், பிரேக்கை மிதித்துக்கொண்டு பட்டனை அழுத்துவார், ஆட்டோமேட்டிக் பழக்கம், வண்டி உயிர் பெறாது, கிளட்சை மிதி என்று திரையில் எழுத்து வரும், அசடு வழிவார், பிறகு மிதிப்பார், வண்டி எந்தக் கியரில் நிற்கிறது என்று பார்க்கவே மாட்டார், காலை எடுப்பார், உதறும், அணையும், மறுபடியும் உதறும், பட்டர் துள்ளுவார், தட்டு விழட்டும், விழ வேண்டும், போனில் அத்தனை பேரும் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அத்தை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தன் பிள்ளையைப் பார்த்து என்ன சொல்கிறாள் என்று கேட்க வேண்டும். அதைக் கேட்டுவிட்டு நான் பாட்டுக்கு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் காப்பி கேட்டுக் குடிப்பேன்.

ஒன்பது அடித்துவிட்டது. பட்டர் பானெட்டில் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, மாலையைச் சாத்தினார், மடியிலிருந்து நாலு எலுமிச்சம்பழத்தை எடுத்துச் சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தார், புளியங்குடிப் பழம், மஞ்சள் பூத்துத் தோல் மினுமினுவென்று இருந்தது, பூசணிக்காய் உடைந்தது, கற்பூரம் ஏற்றினார், தட்டோடு வண்டிக்கு நேர் எதிரே வந்து நின்றார். சரியாக அதே இடம், அளந்து வைத்த மாதிரி. அத்தான் கையை நீட்டினார், சாவியைக் கொடுத்தேன், "தேங்ஸ் நிர்மலா" என்றார், அவ்வளவுதான், பதினாலு வருஷத்துக்குப் பிறகு எனக்கு அவர் கொடுத்தது. ஏறி உட்கார்ந்தார். கீழே குனிந்து காலடியைப் பார்த்தார், மூன்று பெடல், அவர் இடது கால் எழும்பி, எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்று, மறுபடி தரைக்கே போனது, நான் பார்த்தேன், இதற்குத்தானே காத்திருந்தேன், ம், அழுத்து, பட்டனை அழுத்து... அழுத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். கதவைத் திறந்துகொண்டு கீழே இறங்கினார். சிரித்துக்கொண்டே, "அகிலா, நீ வந்து உக்காரு, வீட்டு மகாலட்சுமி கையால ஏறட்டும்" என்றார்.

மகாலட்சுமி கையால. அப்படியே, ஒரு எழுத்து மாறாமல். அகிலாக்கா மஞ்சள் பட்டுச் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், தென்காசிக்காரி, பயந்த சுபாவம், "எனக்குக் கியர் வண்டி தெரியாதுங்க" என்கிறாள், "ஒண்ணுமில்ல, நிர்மலா எல்லாம் போட்டு வச்சிருப்பா" என்கிறார். நான் போட்டு வச்சிருக்கேன்! ஆமாம், நான்தான் போட்டு வைத்திருக்கிறேன்... வாயைத் திற, நிர்மலா, சொல்லு. என்ன சொல்ல? ஏன் மூன்றில் போட்டாய் என்று கேட்டால்? எனக்கென்ன, அவள் யார் எனக்கு, என் இடத்துக்கு வந்தவள்தானே, இரண்டு உதறல், அவ்வளவுதானே, உயிரா போகும்? எனக்குப் போகவில்லையே. அத்தை பக்கத்தில் நிற்கிற யாரிடமோ முணுமுணுக்கிறாள், "இவ வந்த வருசந்தான் எங்க வீட்டு ஐயா போய்ச் சேந்தாங்க, எதத் தொட்டாலும் வெளங்க மாட்டேங்கு." அத்தை புருஷன் சங்கரநயினார் மாமாவுக்கு அப்போதே எண்பது வயசு, சர்க்கரை, நெஞ்சுவலி, இவள் வந்தால் என்ன வராவிட்டால் என்ன? ஆனால் கணக்கில் ஏற்றிவிட்டாள், ஏற்கெனவே ஒன்று ஏறியிருக்கிறது, இன்றைக்கு இரண்டாவது. அகிலாக்கா ஏறி உட்கார்ந்தாள், பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்தினாள், வண்டி எடுக்கவில்லை. "என்னட்டி, தொடங்கும்போதேவா" என்றாள் அத்தை. அந்தக் குரல். எனக்கு அந்தக் குரலின் உள்ளும் புறமும் தெரியும்.

"கிளட்ச்ச மிதி அகிலா, மெதுவா விடு, அது பாட்டுக்கு ஏறும்," அத்தான் ஜன்னலில் சாய்ந்துகொண்டு சொல்கிறார். மிதித்தாள், பட்டனை அழுத்தினாள், இன்ஜின் உறுமியது, அவள் பிடரியில் வியர்வை, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டாள், இடது முழங்கால் மேலே எழும்பத் தொடங்குகிறது, எனக்கு அந்த முழங்கால் தெரிகிறது, ஜன்னல் வழியாகத் தெரிகிறது, அவ்வளவு வேகமாக எடுக்கக் கூடாது, அய்யோ எடுக்கிறாள்... என் இடது கால் மிதித்துவிட்டது, தார் ரோட்டை, இருக்கிற பலம் எல்லாம் சேர்த்து, செருப்பு வழுக்கியது, கீழே கிளட்ச் இல்லை, ரோடுதான் இருக்கிறது, "விடாதீங்கக்கா! மிதிச்சே வைங்க!" என்று யாரோ கத்துகிறார்கள், நான்தான். இடப்பக்கக் கதவைத் திறந்து பாதி உடம்பை உள்ளே நுழைத்து கியர் ராடை வெடுக்கென்று நடுவுக்கு இழுத்தேன். "நியூட்ரல்ல இருக்குக்கா, பயப்படாதீங்க, இனி ஒண்ணும் ஆவாது." அவள் என்னைப் பார்த்தாள், ராடைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

அத்தானுக்கு முகம் சிவந்துவிட்டது, போனில் சிநேகிதர்கள் சிரிக்கிறார்கள் போலிருக்கிறது, வண்டியைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார், "ஏ, தள்ளு நிர்மலா, தள்ளு, இது என்ன பெரிய வித்தையா, நான் போட்டுத் தாரேன்," ஒரு முழங்காலை இருக்கையில் ஊன்றி, இன்னொரு கையில் தூக்கிப் பிடித்த போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, கியர் ராடைப் பிடித்து, இழுக்காமல், நேரே மேலே தள்ளினார். டக். "ஃபர்ஸ்ட் போட்டாச்சு, இப்ப விடு." நான் ராடையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நேரே நிற்கிறது, பாட்டுப்பெட்டியைப் பார்த்துக்கொண்டு. பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை, கள்ளம், சூது, ஒரு சிட்டிகைகூட இல்லை, ஒன்றுதான் போட்டோம் என்று முழுசாக நம்புகிற முகம், எனக்குப் பழகின முகம், மாசத்துக்குப் பத்துப் பேரிடம் பார்க்கிற முகம், முபஷ்ஷிராவின் முகம். நடுவிலிருந்து நேரே தள்ளினால் மூன்றுதான் விழும், புதுசாகப் படிக்கிற பத்துப் பேரில் எட்டுப் பேர் செய்கிற தப்பு, ஒன்பது வருஷமாக அதைத்தானே திருத்திக்கொண்டிருக்கிறேன், ஒரு தரம்கூட, ஒரே ஒரு தரம்கூட எனக்கு இது தோன்றவில்லையே, ஏன் தோன்றவில்லை? என் கை தன்பாட்டுக்குப் போய் அவர் கைமேல் உட்கார்ந்தது, "இது மூணு அத்தான். இடப்பக்கம் இழுங்க, பிறகு மேல." ஸ்கூலில் பேசுகிற அதே குரல், கோபமே இல்லாத குரல், எங்கிருந்துதான் வந்ததோ. ராடு ஒன்றில் போய் உட்கார்ந்தது. "இப்ப விடுங்கக்கா, கால் பெருவிரலத் தூக்குங்க போதும், நான் சொல்லுத வரைக்கும்... அவ்வளவுதான்... அவ்வளவுதான்... இப்ப திரும்ப மிதிங்க." வண்டி ஒரு முழம் நகர்ந்தது. பழம் நசுங்குகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது, நாலு. பட்டர் அசையாமல் நின்று தட்டைக் காட்டினார்.

அத்தைக்குப் பெருமை பிடிபடவில்லை, "பாத்தியாட்டி, எம்மருமவ கைராசிய" என்று என்னிடமே வந்து சொன்னாள், நானும் ஆமா அத்தை என்றேன், என்ன செய்ய. எலுமிச்சை வாசனை அங்கனயே நின்றது. கூட்டம் கோமதியம்மனைப் பார்க்க உள்ளே போகத் தொடங்கியபோது நான் அத்தானை நிறுத்தினேன், அத்தான், அன்னைக்கு அந்தச் சிவப்பு வண்டில மூணுல போட்டது தெரிஞ்சா, தெரியாமலா என்று கேட்க நினைத்து, பதினாலு வருஷமாகக் கேட்க நினைத்தது, "அந்தச் சிவப்பு வண்டி ஞாபகம் இருக்கா?" என்று மட்டும்தான் வாயில் வந்தது. "அந்தச் சனியனா? எனக்கு அது படியவே இல்ல நிர்மலா, ஆறு மாசத்துல வித்துத் தொலச்சோம். உள்ளதச் சொல்லுதேன், எனக்குக் கியர் வண்டி எப்பவுமே சரியா வராது, இதுவும் சும்மா பயலுவ முன்னால ஒரு கெத்துக்கு," சொல்லிவிட்டுச் சிரித்தார், மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு கோயிலுக்குள் போய்விட்டார். எப்பவுமே என்றால்? அன்றைக்குமா? அன்றைக்கும் இடது காலை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் கீழே இறங்கினாரா? அப்படியானால் நான் யாரை இத்தனை வருஷம்... இல்லை, பயந்துகொண்டு பொண்டாட்டியை முன்னால் தள்ளிவிடுகிறவனும் யோக்கியன் இல்லை, அது வேறு, அந்தப் பாவம் வேறு, அதற்கு இவ்வளவு பெரிய வெறுப்பு அளவு பொருந்தவில்லை, தொளதொளவென்று கிடக்கிறது.

அகிலாக்கா இன்னும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். நான் கதவருகே போனதும் ஸ்டீயரிங்கைப் பார்த்தபடியே, மெதுவாக, "நீங்கதான வண்டிய இங்கன கொண்டாந்து நிப்பாட்டுனீங்க?" என்றாள். ஆமாக்கா என்றேன். "நீங்க நடுவுக்கு இழுக்கதுக்கு முன்னாலயும் அது அவுங்க போட்ட எடத்துலதான் கெடந்துது. நேரா." அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை, தெரிந்துகொள்ள மட்டும் கேட்கிற குரல், இதைக் கேட்க அவளுக்குப் பதினாலு வருஷம் ஆகவில்லை, பத்து நிமிஷத்தில் கேட்டுவிட்டாள். கை தவறி விழுந்திருக்கும்க்கா, பத்துப் பேர்ல எட்டுப் பேருக்கு அப்படித்தான் விழும் என்று சொல்ல வாயெடுத்தேன், சொன்னால் நம்பிவிடுவாள், நம்புகிற முகம்தான் அது, அத்தான் என்றைக்காவது என்னிடம் வந்து இதையே சொன்னால் நம்பவே கூடாது என்று நான் வைத்திருந்த அதே வார்த்தை... நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. இந்த வாசலில் தெரிந்தே மூன்றில் போட்டது யார் என்று நிச்சயமாகச் சொல்ல வேண்டுமென்றால், எனக்கு ஒரே ஒரு ஆளைத்தான் தெரியும். அகிலாக்கா பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள், என் இடது கால் இன்னும் ரோட்டை மிதித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க மாட்டேன் என்கிறது.